உத்தரம் முறிந்த காரணம்

தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஊற்றுகிற தண்ணீரில் மண் குடித்தது போக மிச்சம் வெளியேற வேண்டும். வேர் தண்ணீரிலேயே நின்றால் அழுகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பி.எஸ்ஸி. படிக்க வேண்டியதில்லை. நான் படித்தேன். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். தண்டைக் குறுக்காகச் சீவி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைப்பது என் வேலை. மாணவர்கள் அதைப் பார்த்து வரைய வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவன் வரைந்ததைப் பார்த்து வரைவார்கள்.

ஓட்டையைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். பால்கனி இடிந்து கிடந்ததை அள்ளியபோது பாதியாக வெட்டிய தார் டிரம்கள் பல கிடந்தன. அதில் ஒன்றையாவது உங்கள் ஆட்கள் கவிழ்த்துப் பார்த்தார்களா? அடியில் இருந்த ஓட்டைகள் எல்லாம் தார் காய்ச்சி அடைக்கப்பட்டிருக்கின்றன. கட்டடம் பார்க்க வந்த இன்ஜினியரும் பார்க்கவில்லை. அவர் குடையை மடக்காமலே தெருவில் நின்றார். பழைய வீடு, மழை, வீட்டுச் சொந்தக்காரியின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பி சாரா பீவியை இங்கே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டின் மேல் குற்றம் இல்லை. உத்தரம் தானாக முறியவில்லை.

பாலக்கரையில் அந்தச் சந்துத் தெருவை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு வண்டி வந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்கட்டில் சாரா பீவி. கீழே தெருப்பக்கத்து அறையில் என் பெரியம்மா பவுனம்மாள். மாடியில் நானும் என் மனைவி வள்ளிக்கண்ணுவும். மாடி அறையின் முன்னால், தெருவின் மேல் நீட்டிக்கொண்டு அந்தப் பால்கனி. சுவரில் பதித்த உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டியது.

பெரியம்மா என்னை வளர்த்தவள். நான் நடக்கப் பழகுமுன் என் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு ஊட்டியதும், அடித்ததும், கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து விட்டதும் இவள்தான். அவள் நான்கு பிள்ளை பெற்றவள். நான்கையும் புதைத்தவள். அந்த அனுபவத்தைத்தான் பாலக்கரையில் பிரசவம் நடக்கிற வீடுகளுக்கெல்லாம் வாரி வழங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் அதில் விந்தையாக எதுவும் தெரியவில்லை.

வள்ளிக்கண்ணு ஜீயபுரத்துப் பெண். வாழைத் தோப்புக்கு நடுவில் பிறந்தவள். வந்த புதிதில் மாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க மண்ணே இல்லையேங்க” என்றாள். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு எலுமிச்சங்கன்றை வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் ஒரு தார் டிரம்மை இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். பிறகு மாதுளை வந்தது. கொய்யாவில் ஒரு பதியன் வந்தது. நாரத்தை வந்தது. கட்டைவிரலை மண்ணில் அழுத்தி ஈரம் பார்ப்பாள். பிறகு அந்த விரலை என் சட்டையில் துடைப்பாள். நான் கல்லூரிக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துத்தான் துடைப்பாள்.

பெரியம்மா கீழே இருந்து கேலி செய்வாள். “ஏன் தருமு, மரத்தையெல்லாம் தொட்டில்ல போட்டு வளக்கிறீங்களே, தாலாட்டு யாரு பாடுறது? நீயா, அவளா?”

வள்ளிக்கண்ணு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துப் பதில் சொல்வாள். “நீங்கதான் பாடணும் அத்தை. உங்க குரலுக்குப் பயந்தாவது காய்க்கும்ல.”

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்திருப்பேன்.

வள்ளிக்கண்ணுவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியது. தாய் இல்லை. அக்காள் மயிலம்மாள் வந்து ஜீயபுரத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். பெரியம்மா விடவில்லை. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதா என்று கேட்டாள். மயிலம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பெண்கள் விஷயம், நான் தலையிடவில்லை.

அக்கினி நட்சத்திரத்தில் குழந்தை பிறந்தது. பெண். மாடி அறையில் காற்று வரும் என்று வள்ளிக்கண்ணுவை அங்கேயே படுக்க வைத்தார்கள். மறுநாள் காய்ச்சல் கண்டது.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். பச்சை உடம்பு. தண்ணீர் உள்ளே போனால் ஜன்னி கண்டுவிடும். காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பெரியம்மா சுக்குக் கஷாயத்தைச் சங்கில் எடுத்துப் புகட்டினாள். துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினாள். அவ்வளவுதான். ருஷ்யாக்காரன் ஒரு மனிதனை ஆகாயத்தில் சுற்றவிட்டு இறக்கிய வருஷம் இது. பாலக்கரையில் தண்ணீர் குடித்தால் ஜன்னி வருகிறது.

நான் டாக்டரை அழைத்து வந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நாடி பார்த்தார், ஊசி போட்டார், வெளியே வந்து என்னிடம் சொன்னார். உடம்பு வற்றிப் போயிருக்கிறது, கொதித்து ஆறிய தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் கொடுங்கள் என்றார். நான் உள்ளே போய்ப் பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன்.

“டாக்டரு எத்தனை புள்ள பெத்தாராம்?” என்று கேட்டாள்.

கூட இருந்த பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அறிவோடு பேச அது இடம் இல்லை. நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

அந்த வெயிலில் மரங்களுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அவள் படுத்திருந்த அறை வழியாகத்தான் பால்கனிக்குப் போக முடியும். வாளியில் கொண்டுபோய் ஒரு குவளையால் மொண்டு ஊற்றுவேன். கண்ணை மூடிக் கிடப்பவள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் திறந்துவிடுவாள். கடைசித் தொட்டி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தக் காய்ச்சலிலும் மரங்கள் மேல் அவ்வளவு பிரியம்.

ஒரு சாயங்காலம் போய்விட்டாள்.

மயிலம்மாள் வந்து அழுதாள். காரியம் முடிந்த அன்று, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் கேட்டாள். “காவேரி ஓடுற ஊர்ல என் தங்கச்சிக்கு ஒரு வாய்த் தண்ணி இல்லாம போச்சா?” அப்போது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேள்வி பெரியம்மாவுக்கு என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்திருக்கும். அன்றே குழந்தையை ஜீயபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அறியாமை குற்றம் ஆகாது. அதைக் குற்றம் என்று சொல்லத் தொடங்கினால் பாலக்கரையில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். பெரியம்மா விடவில்லை.

கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய மண்பானை ஒன்று வாங்கி வந்தாள். வீட்டு வாசலில் பால்கனி நிழலில் மணலைக் கொட்டிப் பரப்பி அதன்மேல் பானையை வைத்தாள். வெட்டிவேர் போட்டாள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சந்தில் போகிறவர், வருகிறவர், மூட்டை தூக்குகிறவர், கறிக்கடைக்குப் போகிறவர், எல்லாருக்கும் தண்ணீர். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தாள். வெயில் காலம் போன பிறகும் நிறுத்தவில்லை. ஊர் அவளைப் புண்ணியவதி என்றது. மருமகள் போன துக்கத்தில் தருமம் செய்கிறாளாம். ஒருத்தியைத் தாகத்தில் சாகவிட்டு, ஊருக்குத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு மனுஷி நினைக்கிறாள். அதை ஒரு ஊரே குடித்துவிட்டுப் போகிறது. நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியிலிருந்து வரும்போதெல்லாம் என்னையும் கூப்பிடுவாள். “தருமு, வெயில்ல வரே. ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்.” நான் குடித்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள், படியேறப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

“எனக்குத் தெரிஞ்சதத்தான் நான் செஞ்சேன், தருமு. நான் ஒரு மடச்சி. நாலையும் வாரிக் கொடுத்தும் புத்தி வரல. ஆனா நீ படிச்சவன். டாக்டரு சொன்னத நீ ஒரே தடவதானப்பா சொன்னே. இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனே.”

நான் கையை விடுவித்துக்கொண்டு மேலே போனேன். முடிவு செய்தது அப்போதுதான். தான் செய்ததை ஏற்க மனம் இல்லாமல், மூட்டையை என் தலையில் இறக்கப் பார்த்தாள். இது அறியாமை இல்லை. இது சூது.

செய்த விதத்தைச் சொல்கிறேன். எல்லாம் பகலில் செய்தது. எதையும் மறைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றால் அது பார்த்தவர்களின் லட்சணம்.

தொட்டியில் இருந்தது செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த மண். லேசானது, தண்ணீர் நிற்காது. அதைக் கொட்டிவிட்டு, காவிரிக்கரை வண்டலை மாட்டு வண்டியில் வரவழைத்து நிரப்பினேன். வண்டல் தண்ணீரை விடாது. காய்ந்தபோது இருக்கிற எடை வேறு, நனைந்தபோது இருக்கிற எடை வேறு. இன்னும் டிரம்கள் வாங்கி வெட்டினேன். அடி ஓட்டைகளை அடைத்தேன். பால்கனித் தரையில் மழைத் தண்ணீர் போகிற துவாரத்தையும் துணி வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினேன். சுவரோரம் இருந்த டிரம்களை எல்லாம் உருட்டி, வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அதற்கு நேர் கீழேதான் கயிற்றுக் கட்டில்.

சாரா பீவி மாடிக்கு வந்து சொன்னார். “தம்பி, மேல வெயிட்டு ஏத்தாதீங்க. உத்தரம் எங்க வாப்பா காலத்தது. நடு உத்தரத்துல கரையான் இருக்கு. ஆளக் கூப்பிட்டிருக்கேன், அடுத்த மாசம் மாத்திடுறேன்.” வெளி ஓரத்தில்தான் வெயில் படும் அம்மா, ஆள் வரும்போது நகர்த்திவிடுகிறேன் என்றேன். நல்லது தம்பி என்று இறங்கிப் போனார். அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த இடத்தை அடித்துவிடுங்கள்.

நடு உத்தரத்தில் கரையான் இருப்பது எனக்கு முன்பே தெரியும். மரத்தூள் உதிர்ந்து பெரியம்மாவின் தலையில் விழும். “மேலேருந்து மாவு கொட்டுது தருமு, என்னன்னு பாரேன்” என்றாள். எருத்தூள் என்று சொன்னேன். புடவைத் தலைப்பால் பானையை மூடிக்கொண்டாள். தன் தலையை அல்ல, பானையை.

பிறகு தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஊற்றினேன், மாலையில் ஊற்றினேன். தெரு என்னைப் பார்த்து இரக்கப்பட்டது. பெண்டாட்டி வைத்த மரங்களை எப்படிக் காப்பாற்றுகிறான் பார் என்று எதிர்வீட்டுக்காரர்கள் என் காதுபடப் பேசினார்கள். உடன் வேலை பார்க்கும் லெக்சரர் ஒருவர் வந்து பார்த்து, துக்கத்துக்குத் தோட்டவேலைதான் மருந்து என்று இங்கிலீஷில் சொன்னார். தாவரவியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவர். அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை இலை முழுக்க மஞ்சளாகத் தொங்கியது. வேர் அழுகிய நாற்றம் வந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தார்.

மரங்கள் எப்படியும் சாகப்போகின்றன என்பது எனக்குத் தெரியும். அதற்காக வருத்தப்பட்டேன் என்று எழுத வேண்டாம்.

புரட்டாசியில் மழை பிடித்தது. எனக்கு அது உதவி, அவசியம் இல்லை. அன்று பிற்பகல் மழை விட்டு வெயில் அடித்தது. கடைசியாக ஊற்றிய வாளிகளை நான் அறை வாசற்படியில் நின்றுதான் ஊற்றினேன். பால்கனியில் கால் வைக்கவில்லை. தண்ணீர் தரையில் கணுக்கால் அளவு நின்றது. கீழே பேச்சுக் குரல் கேட்டது. கைவண்டி இழுக்கும் வீரமலை தண்ணீர் குடிக்க நின்றிருக்கிறார். அவர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நான் காத்திருக்கலாம். அவரும் அந்தத் தண்ணீரைத் தினமும் குடிக்கிறவர்தான்.

“அவசரப்படாம குடிப்பா. பொறயேறும்.” பெரியம்மா சொல்வது கேட்டது.

அடுத்த வாளியை ஊற்றினேன். முறிகிற சத்தம் நான் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. பழைய மரம், ஈரமாக வேறு இருந்தது. வீரமலைக்குத் தோள்பட்டை மட்டும்தான் போனது. பெரியம்மாவின் மேல் நாரத்தைத் தொட்டியும் எலுமிச்சைத் தொட்டியும் விழுந்தன. நான் இறங்கி வந்தபோது வாய் அசைந்தது. என்ன கேட்டாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் கேட்க முயலவில்லை. பானை உடைந்து தண்ணீர் தெருவில் ஓடிவிட்டது.

பவுனம்மாளைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, பல நாள் உழைத்துச் செய்தேன். எனக்கு இரக்கம் காட்ட வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். காரணம் என்று ஒரு இடம் இருக்குமே, அங்கே கரையான் என்றும் மழை என்றும் எழுதாதீர்கள். ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது, மறுத்தவள் தண்டிக்கப்பட்டாள் என்று எழுதுங்கள். இந்த ஊரில் ஒருவராவது காரணத்தைக் காரணமாக எழுத வேண்டும்.

சாரா பீவி உங்களிடம் ஏதோ ஒரு செம்பைப் பற்றிச் சொல்லி அழுததாக ஏட்டு சொன்னார். அது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது. ஆனாலும் அந்த அம்மாள் பொய் சொல்கிறவர் அல்ல என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வள்ளிக்கண்ணு தண்ணீர் தண்ணீர் என்று முனகியது பின்கட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. பொறுக்க முடியாமல், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்தார். தீட்டு வீட்டுக்குள் தான் வந்தால் பெண்கள் ஏதாவது சொல்வார்களோ என்று மாடிப்படியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டு, “புள்ளைக்கு நீங்களே குடுத்துடுங்க தம்பி” என்று கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். சாதி மதம் பார்க்கிறவன் அல்ல நான்.

அறையில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. பெரியம்மா மூன்று நாள் கண்விழித்த அசதியில் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணு செம்பைப் பார்த்தாள். கையைத் தூக்கப் பார்த்தாள். பெரியம்மா எழுந்து வந்தால், கேட்டால், நான் என்ன பதில் சொல்வது? அதனால் சத்தம் வராமல் கதவைத் திறந்துகொண்டு போய், அதை எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டேன்.